வடிதாளும் உம்மும்மாவின் கோப்பியும்

எங்கள் வீட்டில் கோப்பி என்றால் அது உம்மும்மாவின் கோப்பிதான். வீட்டின் பின்புறத்தில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கிடையில் ஏழெட்டுக் கோப்பி மரங்கள் நிற்கின்றன. பழம் சிவந்ததும் உம்மும்மா பறித்து வந்து வெயிலில் காயவைப்பார். உரலிலிட்டுத் தோல் நீக்கி, மண்சட்டியில் நன்றாகக் கறுக்கும்வரை வறுத்து, கொஞ்சம் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்து, போத்தலில் இறுக்கி மூடி வைப்பார். அந்தத் தூளைக் கேத்தலிலேயே போட்டு இரண்டு கொதி கொதிக்கவைத்து, மண்டி அடங்கியதும் தெளிவை ஊற்றித் தருவார். சுபஹுக்குப் பின் ஒரு கோப்பை, அஸருக்குப் பின் ஒரு கோப்பை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த முறை மாறியதில்லை.

கடந்த வருடம் நான் ஆண்டு 12இல் இருந்தபோது, உம்மும்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த டொக்டர், கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது என்று சொல்லி மாத்திரை எழுதினார். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தவர், "கோப்பி குடிப்பீங்களா? எப்படி ஊத்துவீங்க?" என்றார். உம்மும்மா பெருமையோடு தன் முறையைச் சொன்னார். டொக்டர் சிரித்துக்கொண்டே, "கொதிக்கவச்சுக் குடிக்கிறதவிட கடதாசியில வடிச்சுக் குடிச்சா நல்லம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் உம்மும்மாவின் காதில் விழுந்தது "கோப்பி குடிக்க வேணாம்" என்பது மட்டுமே.

அன்று முதல் நான்கு நாட்கள் அவர் கோப்பி குடிக்கவில்லை. யாரிடமும் முறையிடவும் இல்லை. அஸர் தொழுதுவிட்டு, பின்படிக்கட்டில் கோப்பி மரங்களைப் பார்த்தபடி வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். இரண்டாம் நாள் தலைவலி என்று படுத்துவிட்டார். கஃபீனுக்குப் பழகிய உடம்புக்கு அது திடீரென்று நின்றால் தலைவலி வருவதுண்டு என்பதை நான் பின்னர்தான் படித்தேன். உம்மா பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். பாதியை வைத்துவிட்டார்.

டொக்டர் தடுத்தது கோப்பியையா, கொதிக்கவைப்பதையா? கடதாசி அப்படி என்ன செய்துவிடுகிறது? இந்த இரண்டு கேள்விகளோடுதான் என் தேடல் தொடங்கியது. தேடிப் படித்ததையும், அடுப்படியில் செய்து கெடுத்ததையும், பிறகு சரியாக வந்ததையும் என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

எண்ணெயில் ஒளிந்திருப்பது

1983ஆம் ஆண்டு நோர்வேயின் வடபகுதியிலுள்ள துரொம்சோ நகரத்தில் செய்யப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. கோப்பி கூடுதலாகக் குடிப்பவர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலும் கூடுதலாக இருப்பதாக அது சொன்னது. ஆனால் வேறு நாடுகளில் பார்த்தபோது இந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஒரே கோப்பி ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் நடக்குமா? விடை கோப்பி வித்தில் இருக்கவில்லை, ஊற்றும் முறையில் இருந்தது. வட நோர்வேயில் அக்காலத்தில் தூளைக் கேத்தலில் போட்டுக் கொதிக்கவைத்து, மண்டி அடங்கிய பின் தெளிவை ஊற்றிக் குடிக்கும் பழக்கம் இருந்தது. அதாவது, எங்கள் உம்மும்மாவின் முறை! 1989இல் நெதர்லாந்தில் சிலருக்குக் கொதிக்கவைத்த கோப்பியையும் சிலருக்குக் கடதாசியில் வடித்த கோப்பியையும் கொடுத்துப் பார்த்தார்கள். கொதித்த கோப்பி குடித்தவர்களுக்குக் கொலஸ்ட்ரோல் ஏறியது. வடித்ததைக் குடித்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை.

காரணம் கோப்பி வித்திலுள்ள எண்ணெய். அந்த எண்ணெயில் கஃபெஸ்டோல், கஹ்வியோல் என்று இரண்டு சேர்வைகள் உண்டு. (இரண்டாவதன் பெயருக்குள் 'கஹ்வா' இருப்பதைக் கவனித்தீர்களா?) இரத்தத்தில் கொலஸ்ட்ரோலை ஏற்றுபவை இவைதாம், அதிலும் முதலாவது. இவை நீரில் சரியாகக் கரையாதவை. கொதிக்கும்போது நுண்ணிய எண்ணெய்த் துளிகளாகவும் தூசித் துகள்களோடு ஒட்டியும் கோப்பைக்குள் வந்துவிடுகின்றன. கடதாசியில் வடிக்கும்போது, தாளும் அதன் மேல் படுத்திருக்கும் தூளும் சேர்ந்து இவற்றில் பெரும்பகுதியை மறித்துவிடுகின்றன. கஃபீனோ நீரில் கரைவது. அது தாளைத் தாண்டிச் சுகமாக இறங்கிவிடும். ஆகவே நித்திரை வராதவர்களுக்கும், பரீட்சைக் காலத்தில் கோப்பியை நம்பி விழித்திருக்கும் எம்போன்றவர்களுக்கும் வடிதாளால் ஒரு மாற்றமும் இல்லை.

இதைப் படித்தவுடன் எனக்கு இரசாயனவியல் ஆய்வுகூடம்தான் நினைவுக்கு வந்தது. வட்ட வடிதாளை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தில் மூன்று படையும் மறுபக்கத்தில் ஒரு படையுமாக விரித்துப் புனலில் வைப்போமே, அதே வேலை. அந்தக் கூம்பின் உச்சிக் கோணம் எவ்வளவு என்று கேட்டால் பலர் அளக்கப் போவார்கள். அளக்க வேண்டியதில்லை. தாளின் ஆரை 'ஆ' என்றால், வட்டத்தின் பாதிச் சுற்றளவுதான் கூம்பு வாயின் சுற்றளவாகிறது. எனவே கூம்பு வாயின் ஆரை, 'ஆ'வில் பாதி. சாய்வுயரம் 'ஆ'. அரைக் கோணத்தின் சைன் பெறுமானம் ½, அதாவது 30 பாகை. முழுக் கோணம் 60 பாகை. ஆய்வுகூடப் புனல்கள் 60 பாகையில் செய்யப்படுவதன் காரணம் இதுதான். ஆய்வுகூடக் கண்ணாடிப் பொருட்கள் செய்வதற்காக 1921இல் தொடங்கிய ஹாரியோ என்ற யப்பானிய நிறுவனம், இன்று உலகம் முழுக்கப் பாவிக்கப்படும் ஒரு கோப்பிக் கூம்பைச் செய்கிறது. அதன் பெயர் வீ-60. அந்த 60உம் இந்த 60 பாகைதான்.

"மிஸ், லாப்பிலிருந்து நாலு வடிதாள் தருவீங்களா? உம்மும்மாவுக்குக் கோப்பி வடிக்க" என்று ஆசிரியையிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆய்வுகூடத்தின் எந்தப் பொருளும் வாயோடு சம்பந்தப்படக் கூடாது என்பது முதல் நாளில் படித்த முதல் விதி. பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இறுதியில், கட்டாரில் தொழில் செய்யும் மாமா விடுமுறையில் வந்தபோது ஒரு பீங்கான் கூம்பும் 100 தாள்கள் கொண்ட பெட்டியொன்றும் கொண்டுவந்து தந்தார்.

ஒரு தாயும் ஓர் அப்பியாசக் கொப்பியும்

தாள் கைக்கு வந்ததும், இதை முதலில் யார் நினைத்தார் என்று தேடினேன். ஏதாவதொரு பெரிய விஞ்ஞானியாக இருப்பார் என்றுதான் எண்ணினேன். கிடைத்த பெயர் மெலிட்டா பென்ட்ஸ். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் 1873இல் பிறந்தவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்.

அக்காலத்தில் அங்கே கோப்பி வடிப்பதற்குத் துணியைப் பாவித்தார்கள். துணியைக் கழுவிக் காயவைப்பது பெரிய பாடு. எண்ணெய் ஊறி அது சிக்கு மணக்கத் தொடங்கிவிடும். உலோகச் சல்லடையில் வடித்தாலோ மண்டி வாய்க்குள் வரும். மெலிட்டா ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் இட்டார். மகன் வில்லியின் பாடசாலைக் கொப்பியிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து அதற்குள் வைத்தார். மேலே தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினார். கீழே மண்டியில்லாத, கசப்புக் குறைந்த கோப்பி வடிந்தது. குடித்து முடிந்ததும் தாளையும் மண்டியையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார். கழுவ ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கடைசி வசதியைப் பாத்திரம் கழுவாத ஓர் ஆண் நினைத்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

1908 ஜூன் மாதத்தில் பேர்லினிலிருந்த காப்புரிமை அலுவலகத்தில் அது அவர் பெயரில் பதிவாயிற்று. அதே வருடம் டிசெம்பரில் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். முதல் என்று அவர் போட்டது ஒரு மார்க்கைக்கூட எட்டாத சில்லறைக் காசு. கணவரும் பிள்ளைகளும் கூடவே வேலை செய்தார்கள். அடுத்த வருடம் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் 1,200 வடிகள் விற்றன. இன்று நாம் காணும் கூம்பு வடிவம் 1930களில் வந்தது. மெலிட்டா 1950இல் காலமானார். நிறுவனம் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது.

ஆய்வுகூடத்திலிருந்து அடுப்படிக்கு வந்த இன்னொருவரும் உண்டு. ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் ஷ்லம்பம் என்ற இரசாயனவியலாளர், கூம்புக் குடுவையையும் புனலையும் ஒட்டவைத்தாற்போல ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை 1941இல் உருவாக்கினார். கெமெக்ஸ் என்று பெயர். நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில்கூட அது வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டார் இரண்டடுக்குப் பித்தளை வடியில் கெட்டியான சாறு இறக்கிப் பாலோடு கலந்து குடிப்பதும் சொட்டுச் சொட்டாக வடிக்கும் முறைதான். ஆனால் அங்கே தாள் இல்லை, துளைகள்தாம். எனவே நான் தேடியது அதுவல்ல.

கெடுத்த கதை

முதல் நாள் உம்மும்மாவின் தூளையே தாளில் போட்டு வெந்நீரை ஊற்றினேன். முதலில் இரண்டு சொட்டு. பிறகு நின்றுவிட்டது. மேலே சேறு போல ஒரு குளம். ஒன்பது நிமிடம் காத்திருந்து கிடைத்தது பாதிக் கோப்பை. ஆறிப்போய், நாக்கை இழுக்கும் கசப்போடு இருந்தது. இதை உம்மும்மாவுக்குக் காட்டவேயில்லை.

பிழை என் ஊற்றலில் அல்ல, தூளில். எங்கள் நாட்டுக் கோப்பித் தூள் மா போன்றது. கொதிக்கவைத்து மண்டியை அடங்கவிடும் முறைக்கு அதுவே பொருத்தம். தாளுக்கு அது ஆகாது. மிக நுண்ணிய துகள்கள் தாளின் துளைகளை அடைத்துவிடும். அதோடு, துகள் சிறிதாகச் சிறிதாக அதன் மொத்த மேற்பரப்பளவு கூடும், கரைவதும் வேகமாகும். வேகமாகக் கரையும் தூள், ஒன்பது நிமிடமும் வெந்நீரில் கிடந்தால் வர வேண்டாததெல்லாம் வந்துவிடும்.

மூன்றாம் நாள் வறுத்த வித்தை நானே உரலில் மெதுவாக நொறுக்கினேன். இம்முறை எதிர்ப்பக்கம் போய்விட்டேன். சில துண்டுகள் மிளகளவு. நீர் ஒன்றரை நிமிடத்தில் ஓடி முடிந்தது. வெளிறிய நிறம், எலுமிச்சை பிழிந்தாற்போலப் புளிப்பு.

வழி காட்டியது உம்மாவின் அரிதட்டு. இடித்ததை மா அரிக்கும் அரிதட்டில் போட்டு ஆட்டினேன். தூசி கீழே விழுந்தது. மேலே நின்றதில் பெருந்துண்டுகளை மறுபடி உரலில் போட்டேன். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபோது, விரலால் தொட்டால் ரவையைவிடச் சற்றுப் பருமனான, ஒரே அளவுடைய தூள் கிடைத்தது. கீழே விழுந்த தூசியை எறியவில்லை. வாப்பா அதைத் தனக்குப் பழைய முறையில் ஊற்றிக் குடித்தார். அவருக்குக் கொலஸ்ட்ரோல் இல்லையாம்!

இனி ஊற்றும் முறை. ஒரு கோப்பைக்கு 15 கிராம் தூள், 250 மில்லிலீற்றர் நீர். தராசு இல்லாதவர்கள் தலைதட்டிய மேசைக்கரண்டி மூன்று என்று தொடங்கலாம். நான் கேக் செய்யும் சாச்சியின் தராசை இரவல் வாங்கினேன். தாளைக் கூம்பில் வைத்து முதலில் வெறும் வெந்நீரை ஊற்றி, வடிந்ததைக் கொட்டிவிட வேண்டும். கடதாசி மணமும் போகும், கூம்பும் சூடாகும். குளிர்ந்த பீங்கான் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை நாம் படித்திருக்கிறோம், ஆனால் அடுப்படியில் நினைவு வராது.

நீரின் வெப்பநிலை 92 முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. வெப்பமானி தேவையில்லை. கண்டி போன்ற, கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவு உயரமுள்ள இடங்களில் நீர் 98 பாகையளவில் கொதிக்கும். கேத்தலை இறக்கி மூடியைத் திறந்து, அரை நிமிடம் விட்டால் போதும். நுவரெலியாவிலிருந்து இங்கு வந்து படிக்கும் தோழியருக்கு அந்த அரை நிமிடமும் வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்தில் நீர் கொதிப்பதே ஏறத்தாழ 94 பாகையில். இறக்கிய கையோடு ஊற்றலாம்.

முதலில் 30 மில்லிலீற்றர் மட்டும், தூள் முழுதும் நனையும்படி ஊற்றி 30, 40 விநாடி பொறுக்க வேண்டும். அண்மையில் வறுத்த கோப்பியானால் தூள் அப்பம் போலப் பொங்கும். வறுக்கும்போது வித்துக்குள் உருவாகிச் சிக்கியிருந்த காபனீரொட்சைட்டு வெளியேறுவதே அந்தப் பொங்கல். வாயு வெளியேறினால்தான் நீர் துகளுக்குள் புகும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த தூள் பொங்காது, சும்மா நனையும். தூள் புதியதா பழையதா என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி இது. பிறகு மெல்லிய தாரையாக, நடுவிலிருந்து வெளியே வட்டமிட்டு, மீதி நீரை இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். தாளின் ஓரத்தில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் நீர் தூளைச் சந்திக்காமலே தாள் வழியே நழுவி இறங்கிவிடும். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடமளவில் முடிய வேண்டும். 250 ஊற்றினால் 220தான் கோப்பையில் இருக்கும். தூள் தன் நிறையைப்போல் இருமடங்கு நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

மூன்று கோப்பைப் பரிசோதனை

இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஊற்றும்போது கூம்பின் கீழ் ஒரு கோப்பையை வைக்காமல், முதல் நிமிடத்துக்கு ஒன்று, இரண்டாம் நிமிடத்துக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். மூன்றையும் தனித்தனியே சுவையுங்கள்.

முதற்கோப்பை கறுப்பாக, கடும் புளிப்பும் மணமுமாக இருக்கும். இரண்டாவது இளகி, இலேசான இனிப்போடு இருக்கும். மூன்றாவது தேநீர் நிறத்தில், ஒரு மணமும் இல்லாமல், கசப்பும் மரத்தூள் வாசமுமாக இருக்கும். எங்கள் வீட்டில் சுவைத்த ஆறு பேரும் மூன்றாவதை மூக்கைச் சுளித்து வைத்தார்கள். தம்பி கொல்லையில் கொட்டியே விட்டான். மூன்றையும் தனியே குடிக்க முடியாது. ஆனால் அளவாகச் சேர்த்தால் கோப்பி.

கோப்பித் தூளில் நீரில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 வீதம்தான். மீதி மரநார். அந்த 30 வீதமும் ஒரே நேரத்தில் கரைவதில்லை. அமிலங்களும் மணப்பொருட்களும் முந்திக்கொள்ளும், இனிப்பைத் தருபவை அடுத்து வரும், கசப்பானவை பிந்தும். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஏர்னஸ்ட் லொக்ஹார்ட் என்ற பேராசிரியர் 1950களில் இதை ஆராய்ந்து, தூளின் நிறையில் 18 முதல் 22 வீதம் வரை கரைந்து வந்தால் சுவை நன்றாக இருக்கும் என்று வரைபடமே போட்டுக் காட்டினார். எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தால் கோப்பி கெட்டுவிடும் என்பதுதான் இதன் பொருள்.

கணக்குப் பார்ப்போம். 15 கிராமில் 20 வீதம் 3 கிராம். அது 220 மில்லிலீற்றரில் கரைந்திருக்கிறது. அதாவது கோப்பையிலுள்ள கோப்பிப் பொருள் 1.4 வீதத்தை எட்டவில்லை. மீதி 98 வீதத்துக்கும் மேல் நீர்! குழாய் நீரில் குளோரீன் மணம் இருந்தால் எவ்வளவு உயர்ந்த கோப்பியும் வீண் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கிணற்று நீருக்கு மாறினேன்.

கேத்தலில் கொதிப்பதற்கும் தாளில் வடிவதற்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. கேத்தலில் தூள் ஒரே நீருக்குள் கிடக்கிறது. நீரின் செறிவு கூடக் கூடக் கரைவது மந்தமாகும், அந்தக் குறையைக் கொதியும் நேரமும் ஈடு செய்கின்றன. கூம்பிலோ ஒவ்வொரு தடவையும் புது நீர் வந்து தூளைச் சந்திக்கிறது. செறிவு வித்தியாசம் எப்போதும் பெரிதாகவே இருப்பதால் மூன்றே நிமிடம் போதுமாகிறது. பரவலைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். விளங்கியது இந்தக் கூம்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான்.

உங்கள் கோப்பி புளித்தால் தூளைச் சற்று நுணுக்குங்கள். கசந்து நாக்கு வறண்டால் சற்றுப் பருமனாக்குங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூள், நீர், வெப்பம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது திருத்தியது, எது கெடுத்தது என்று தெரியாமற் போகும்.

உம்மும்மாவின் தீர்ப்பு

ஐந்தாம் நாள் காலையில் ஒரு கோப்பையை உம்மும்மாவிடம் நீட்டினேன். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"இது என்ன மகள், கோப்பி கழுவின தண்ணியா?"

"மறுபடி ஒரு வாய் குடிச்சுப் பாருங்களே, உம்மும்மா."

"எண்ணெயில்லாத கறி மாதிரி இருக்கி."

நான் அசந்துபோனேன். கஃபெஸ்டோலைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வடிதாள் எதை மறிக்கிறது என்பதை அவருடைய நாக்கு ஒரே வாயில் கண்டுபிடித்துவிட்டது. வாயில் தங்கும் அந்தக் கெட்டித்தன்மை எண்ணெயாலும் மண்டியாலும் வருவது. அதைத் தாளில் வைத்துக்கொண்டு கோப்பையிலும் கேட்க முடியாது. இதில் ஒன்றை இழந்துதான் ஆக வேண்டும் என்று அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஆனால் அவர் உண்மையில் தேடியது வேறொன்று. இரண்டு நாள் கழித்துத்தான் வாய் திறந்தார். "கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் எங்க?" பரிசோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் அவற்றைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்! வேர்க்கொம்பை இடித்துத் தூளோடு கலந்து பார்த்தேன், தாள் அடைத்துக்கொண்டது. பிறகு அவற்றை இலேசாகத் தட்டி, கேத்தல் நீரிலேயே போட்டுக் கொதிக்கவைத்து, தேயிலை வடியில் அரித்து, அந்த நீரைக் கோப்பித் தூள் மேல் ஊற்றினேன். கொதித்தது மல்லியும் வேர்க்கொம்பும், கோப்பி கொதிக்கவில்லை. அன்று கோப்பை காலியாகத் திரும்பி வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அஸருக்குப் பின், "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு காலையில் 30 கிராம் தூளுக்கு 500 மில்லிலீற்றர் என்று ஒரே தாளில் வடித்து, பாதியை பிளாஸ்கில் ஊற்றி வைக்கிறேன். பிளாஸ்கில் கிடந்த கோப்பியின் மணம் கொஞ்சம் இறங்கிப்போகத்தான் செய்கிறது. உம்மும்மா அதைச் சொல்லிக்காட்டவும் செய்கிறார். ஆனாலும் கோப்பையோடு படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

மூன்று மாதத்துக்குப் பின் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் இறங்கியிருந்தது. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினேன். இரசாயனவியல் ஆசிரியை அதை அமைதியாகப் பார்த்துவிட்டு, "மாத்திரையும் குடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ், ஒரு நாளும் தவறல்ல."

"அப்ப இறக்கினது மாத்திரையா, தாளா?"

எனக்கு விடை இல்லை. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று கோப்பித் தூளுக்குச் சட்டம் போட்டவள், உம்மும்மாவின் விடயத்தில் இரண்டு மாறிகளையும் ஒரே கிழமையில் மாற்றியிருக்கிறேன். பெரும்பங்கு மாத்திரையுடையதாகத்தான் இருக்கும். தாளின் பங்கு எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்வதற்காக மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் முடியாது. வேடிக்கைக்காக அப்படிக் கேட்டபோது மிஸ் பார்த்த பார்வை, வடிதாள் கேட்ட அன்று பார்த்த அதே பார்வை. டொக்டரிடம் சொன்னோம். இரண்டையும் தொடரச் சொன்னார்.

ஈரமண்டியைத் தாளோடு சேர்த்து உம்மும்மா கோப்பி மரங்களின் அடியில் புதைத்து வருகிறார். பெட்டியில் இன்று காலை எண்ணியபோது 11 தாள்கள் மீதி இருந்தன. நோன்புப் பெருநாளுக்கு வரும்போது இன்னொரு பெட்டி கொண்டுவரும்படி மாமாவுக்குச் சொல்லியனுப்பியது நானல்ல, உம்மும்மா.